உப்பு ஏறும்போது பாக்டீரியா எந்த மரபணுவைத் திறக்கிறது?

மாவடு போட்ட ஜாடியை மூன்றாம் நாள் திறந்து பார்த்திருக்கிறீர்களா? போடும்போது வழவழவென்று உருண்டையாக இருந்த வடு, தோல் சுருங்கிக் கிடக்கும். ஜாடியின் அடியில் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரை யாரும் ஊற்றவில்லை. போட்டது கல்லுப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், கடுகு, கொஞ்சம் விளக்கெண்ணெய், அவ்வளவுதான். ஜாடியில் நிற்பது அத்தனையும் வடுவுக்குள்ளிருந்து வந்த நீர்.

வடுவின் ஒவ்வொரு செல்லையும் ஒரு மெல்லிய சவ்வு சுற்றியிருக்கிறது. அது தண்ணீரைத் தாராளமாக விடும். உப்பை அவ்வளவு எளிதில் விடாது. சவ்வின் எந்தப் பக்கம் கரைந்த பொருள் அதிகமோ, தண்ணீர் அந்தப் பக்கம் போகும். பள்ளிக்கூடத்தில் சவ்வூடுபரவல் என்று படித்தது இதைத்தான்.

வடுவின் தோலில் ஒட்டியிருந்த பாக்டீரியாவுக்கும் இதே கதிதான். உப்பு விழுந்த நொடியில் அதன் உடம்பிலிருந்தும் தண்ணீர் ஓடும், அதுவும் சுருங்கும். வடு அத்தோடு சுருங்கிக் கிடக்கும். பாக்டீரியா சும்மா இருப்பதில்லை. சில நொடிகளில் ஒரு முதலுதவி, சில நிமிடங்களில் ஒரு மாற்று ஏற்பாடு, அப்புறம் ஒரு மணி நேரத்துக்குள் புது வாழ்க்கை என்று இறங்கிவிடும். எந்த மரபணுவைத் திறப்பது, எதை மூடுவது என்று அது முடிவெடுக்கும் விதம்தான் இந்தக் கட்டுரை. நரம்பு இல்லை, மூளை இல்லை, நாக்கும் இல்லை. வெளியே உப்பு ஏறியது அதற்கு எப்படித் தெரிகிறது என்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது.

உதாரணத்துக்கு ஈ. கோலையை எடுத்துக்கொள்கிறேன். நம் குடலில் குடியிருப்பது, உலகத்திலேயே அதிகம் ஆராயப்பட்ட பாக்டீரியா. நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு. அதனிடம் ஏறத்தாழ 4,300 மரபணுக்கள் இருக்கின்றன. வீட்டில் இருக்கிற எல்லா விளக்கையும் நாம் ஒரே நேரத்தில் போட்டுவைப்பதில்லை, அதுவும் அப்படித்தான். தேவையான மரபணுவை மட்டும் போடும், மற்றதை அணைத்துவைக்கும்.

மரபணுவைப் போடுவது என்றால் என்ன? டி.என்.ஏ.வில் இருக்கும் அந்தப் பகுதியை ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி நகல் எடுக்கும். அந்த நகலுக்குப் பெயர் ஆர்.என்.ஏ. ரைபோசோம் அந்த நகலைப் படித்துப் புரதம் கட்டும். வேலை செய்வது புரதம். ஆக, ஒரு மரபணுவின் பேச்சைக் கூட்டவோ குறைக்கவோ மூன்று இடங்களில் கை வைக்கலாம். நகல் எடுக்கவே விடாமல் செய்யலாம். எடுத்த நகலைப் படிக்க விடாமல் செய்யலாம். கட்டி முடித்த புரதத்தை உடனே உடைத்தும் போடலாம். உப்பு விஷயத்தில் ஈ. கோலை மூன்றையுமே செய்கிறது.

முதல் சில நொடிகள்

பாக்டீரியாவின் உள்ளே எப்போதுமே வெளியைவிடக் கரைபொருள் அதிகம். அதனால் தண்ணீர் உள்ளே வரப் பார்க்கும், செல்சுவர் அதைத் தடுத்துப் பிடிக்கும். காற்றடித்த சைக்கிள் ட்யூப் மாதிரி செல் விறைப்பாக நிற்பது இந்த அழுத்தத்தால்தான். இந்த விறைப்பு இருந்தால்தான் அது நீண்டு வளர முடியும், இரண்டாகப் பிரிய முடியும். வெளியே உப்பு ஏறினால் ட்யூபில் காற்று இறங்கியது போல ஆகிவிடும். வளர்ச்சி அப்படியே நிற்கும்.

தண்ணீர் வெளியேற ஒரு நொடிகூடத் தேவையில்லை. ஒரு மரபணுவை நகலெடுத்துப் புரதம் கட்டி முடிக்கவோ ஒன்றிரண்டு நிமிடமாவது பிடிக்கும். ஆகவே முதலுதவிக்கு மரபணுவை நம்ப முடியாது. ஏற்கெனவே சவ்வில் தயாராக நிற்கிற பொருளை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் வாயில்கள் அப்படித் தயாராக இருப்பவை. ட்ர்க் என்று ஆய்வகங்களில் அழைக்கப்படும் வாயில் உப்பு ஏறிய கையோடு முடுக்கிவிடப்படுகிறது, பொட்டாசியம் உள்ளே பாய்கிறது. பொட்டாசியத்துக்கு நேர்மின்னூட்டம் உண்டு; அதைச் சமன் செய்ய எதிர்மின்னூட்டம் உள்ள ஒன்று வேண்டும். செல் குளுட்டமேட்டைத் தயாரித்துக் கூடவே சேர்த்துக்கொள்கிறது. அஜினோமோட்டோவில் இருக்கும் அதே குளுட்டமேட்தான்.

உள்ளே கரைபொருள் ஏறியதும் தண்ணீர் திரும்பி வருகிறது. செல் ஓரளவு நிமிர்கிறது.

ஆனால் இது கைமாற்றாக வாங்கிய கடன் போன்றது, ரொம்ப நாள் வைத்திருக்க முடியாது. பொட்டாசியம் அளவுக்கு மீறி ஏறினால் புரதங்களும் டி.என்.ஏ.வும் ஒன்றையொன்று சரியாகப் பிடிக்க முடியாமல் தடுமாறும். இவற்றின் பிடிமானத்தில் பெரும்பகுதி மின்னூட்டத்தால் ஆனது. அயனிகள் குவிந்தால் அந்தப் பிடி தளரும். உயிர் பிழைக்கலாம், வேகமாக வளர முடியாது. அதனால் பொட்டாசியத்தை வெளியேற்றிவிட்டு, அதன் இடத்தில் செல்லுக்குத் தொந்தரவு தராத ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து நிரப்ப வேண்டும்.

தொந்தரவு தராத சரக்கு

அப்படிப்பட்ட பொருட்களுக்கு ஒத்துப்போகும் கரைபொருட்கள் என்று பெயர். புரோலின், ட்ரெஹலோஸ், கிளைசின் பீட்டெயின் ஆகியவை முக்கியமானவை. இவற்றுக்கு மொத்தத்தில் மின்னூட்டம் கிடையாது, தண்ணீரில் நன்றாகக் கரையும், எவ்வளவு குவிந்தாலும் புரதத்தின் மேல் போய் ஒட்டாது. கல்யாண வீட்டில் மூலையில் உட்கார்ந்து இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டு, யார் வம்புக்கும் போகாத உறவினர் மாதிரி.

உப்புத் தண்ணீரில் திணறுகிற சால்மோனெல்லாவுக்குக் கொஞ்சம் புரோலின் கொடுத்தால் தெம்பாகிவிடுகிறது என்பது 1955லேயே தெரிந்துவிட்டது. மூன்றில் மிகச் சிறந்தது பீட்டெயின்தான். பெயரே சர்க்கரைப் பீட்டிலிருந்து வந்தது. நாம் பொரியல் செய்து சாப்பிடுகிற பீட்ரூட்டிலும் அது இருக்கிறது. ஆனால் ஈ. கோலையால் பீட்டெயினை அடிமுதல் தானே தயாரிக்க முடியாது. கோலின் என்ற மூலப்பொருள் கிடைத்தால் அதைப் பீட்டெயினாக மாற்றிக்கொள்ளும். இல்லாவிட்டால் வெளியே கிடைக்கிற பீட்டெயினைப் பொறுக்கி உள்ளே இழுக்கும். எதுவுமே கிடைக்காத இடத்தில் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையைத் தானே செய்துகொள்ளும். அதற்கு நல்ல செலவாகும், ஆகவே அது கடைசி வழி.

பீட்டெயினை இழுக்கிற வாயில்களில் ஒன்றைத் தயாரிப்பது ப்ரோ-யூ என்ற மரபணுத் தொகுதி. மரபணு எப்படித் திறக்கிறது என்ற கேள்விக்கு அது அருமையான பாடம். சாதாரணத் தண்ணீரில் ப்ரோ-யூ ஏறத்தாழ ஊமை. உப்பு ஏறினால் அதன் குரல் நூறு மடங்குக்கு மேல் உயர்கிறது. உப்பு இருக்கும்வரை அது முழுதாக அடங்காது.

இந்தக் கதையில் ஹைதராபாத்துக்குப் பங்குண்டு. அங்கே உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் ஜே. கௌரிசங்கர் 1980களில் இதைத் துருவி ஆராய்ந்தார். உப்புக்கு மட்டும் வாய்திறக்கும் மரபணுக்களை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆயிரக்கணக்கான மரபணுக்களில் ஒவ்வொன்றாகப் போய்க் கேட்க முடியாது. லாக் என்ற, எளிதில் அளக்கக்கூடிய ஒரு மரபணுவைக் குரோமோசோமில் கண்ட இடத்தில் செருகிவிடுவார்கள். அது போய் உட்கார்ந்த இடத்து மரபணு எப்போது திறக்கிறதோ அப்போது லாக்கும் சேர்ந்து திறக்கும். பக்கத்து வீட்டு விளக்கோடு நம் வீட்டு மணியை ஒயர் போட்டு இணைத்தது போல. உப்பு உள்ள வளர்ப்புத் தட்டில் மணி அடித்து, உப்பில்லாத தட்டில் அடிக்காமல் இருக்கும் செல்லைத் தேடிப் பிடித்தால், உள்ளே எந்த மரபணு என்று போய்ப் பார்க்கலாம். 1985இல் வெளியான அவரது ஆய்வு, இந்த முறையில் தேடி, புரோலின் கடத்தலும் பொட்டாசியக் கடத்தலும் உப்பு நெருக்கடியில் சேர்ந்து பங்கேற்பதைக் காட்டியது.

சரி, ப்ரோ-யூவுக்கு யார் போய்ச் சொல்கிறார்கள், உப்பு ஏறிவிட்டது என்று? தனியாக ஒரு தூதுவர் இருப்பார் என்று பலரும் தேடினார்கள். தேடியதில் அகப்பட்டது ஒரு பூட்டுக்காரர். எச்-என்எஸ் என்ற புரதம் ப்ரோ-யூவின் டி.என்.ஏ. மேல் படர்ந்து உட்கார்ந்து நகலெடுப்பை அமுக்கி வைத்திருக்கிறது. எச்-என்எஸ் இல்லாத திரிபுகளில் உப்பே இல்லாதபோதும் ப்ரோ-யூ பேசத் தொடங்கிவிடும். அந்தப் பூட்டைத் தளர்த்துவது முதலுதவிக்காக உள்ளே வந்த அதே பொட்டாசியம் குளுட்டமேட்தான்.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நின்றுவிடுவேன். செல்லைக் காப்பாற்ற வந்த மருந்தே, செல்லுக்குள் செய்தியாகவும் ஆகிவிடுகிறது. மருந்து எவ்வளவு குவிந்திருக்கிறது என்பதே நெருக்கடி எவ்வளவு என்பதன் அளவு. பீட்டெயின் உள்ளே வந்து சேர்ந்ததும் பொட்டாசியம் வெளியேறும், ப்ரோ-யூவின் குரலும் தானே ஓரளவு தணியும். அடங்கு என்று தனியாக யாரும் சொல்ல வேண்டியதில்லை.

முகவரியாக ஒரு உப்பு

இதுவரை சொன்னதில் உப்பு ஓர் ஆபத்து. இன்னொரு கதையில் அது ஆபத்தே இல்லை, ஒரு முகவரி. பாடப்புத்தகங்கள் இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் போட்டுக் குழப்பிவிடுகின்றன என்பது என் குறை.

ஈ. கோலைக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. வெளிச்சவ்வில் ஒரு லட்சம் அளவுக்குத் துளைப்புரதங்கள் பதிந்திருக்கின்றன. சாப்பாடு உள்ளே வருவது அந்தத் துளைகள் வழியாக. அதில் முக்கியமாக இரண்டு வகை: ஓம்ப்-எஃப், ஓம்ப்-சி. ஓம்ப்-எஃப்பின் துளை 1.16 நானோமீட்டர் விட்டம், ஓம்ப்-சியின் துளை 1.08. வித்தியாசம் ஒரு ஹைட்ரஜன் அணுவின் அகலம்கூடத் தேறாது. ஆனாலும் கொஞ்சம் பெரிய மூலக்கூறு நுழையும் வேகம் இந்தச் சிறு வித்தியாசத்தில் கணிசமாகக் குறைந்துவிடுகிறது.

வெளியே கரைபொருள் குறைவாக இருந்தால் செல் ஓம்ப்-எஃப்பை நிறையச் செய்கிறது. உப்போ சர்க்கரையோ ஏறினால் ஓம்ப்-எஃப் குறைந்து ஓம்ப்-சி கூடுகிறது. இரண்டின் மொத்தம் பெரிதாக மாறுவதில்லை. ஒன்றின் இடத்தை மற்றொன்று பிடித்துக்கொள்கிறது.

ஏன் இந்த மாற்றம்? உப்பைத் தடுக்கவா? இல்லை. சோடியமும் குளோரைடும் இரண்டு துளையிலும் ஓடும். ஈ. கோலையின் பிழைப்பை நினைத்துப் பாருங்கள். அதற்கு இரண்டு வீடு. ஒன்று நம் குடல்: கதகதப்பு, உப்பும் கரைபொருளும் நிறைய, சாப்பாடு நிறைய, ஆனால் பித்தநீரின் உப்புகள் போன்ற நஞ்சும் நிறைய. இன்னொன்று சாக்கடை, குட்டை, ஆறு: குளிர்ச்சி, ஏறத்தாழ வெறும் தண்ணீர், சாப்பாடு அரிது. குட்டையில் பெரிய ஜன்னல் வேண்டும், கிடைக்கிற கொஞ்சம் சாப்பாட்டையும் விடக்கூடாது. குடலில் சின்ன ஜன்னல் போதும், பித்த உப்பு உள்ளே வராமல் இருந்தால் சரி. கரைபொருள் கூடியிருக்கிறது என்றால் குடலுக்குள் வந்துவிட்டோம் என்று அர்த்தம். தெருவில் சாம்பிராணி வாசனை வந்தால் கோயில் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதைப் போல.

முகவரியைப் படிப்பதற்கு இரண்டு புரதங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. உட்சவ்வில் குத்தி நிற்பது என்வ்-இசட். செல்லுக்குள்ளே அலைந்து திரிவது ஓம்ப்-ஆர். உப்பு ஏறினால் என்வ்-இசட், செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்துத் தன் உடம்பில் 243ஆம் இடத்திலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் மேல் ஒட்டிக்கொள்கிறது. பிறகு அதை ஓம்ப்-ஆரின் 55ஆம் இடத்திலுள்ள அஸ்பார்ட்டேட் என்ற அமினோ அமிலத்துக்குக் கைமாற்றுகிறது. பாஸ்பேட் ஏறிய ஓம்ப்-ஆர் போய் டி.என்.ஏ.வில் உட்கார்ந்து மரபணுவைத் திறக்கும் அல்லது மூடும். இதில் ஒரு நுணுக்கம்: கொடுத்த பாஸ்பேட்டைத் திரும்பப் பிடுங்குவதும் என்வ்-இசட்தான். கொடுப்பது, பிடுங்குவது இரண்டில் எது மிஞ்சுகிறதோ அதை வைத்துப் பாஸ்பேட் ஏறிய ஓம்ப்-ஆரின் அளவு நிலைக்கிறது.

எத்தனையோ பாக்டீரியாக்கள் எத்தனையோ செய்திகளைப் படிப்பது இப்படிப்பட்ட ஜோடிகளை வைத்துத்தான். ஒன்று உணரும், இன்னொன்று செய்யும். அதனால் இதற்கு இரு-கூறு அமைப்பு என்று பெயர். ஈ. கோலையிலேயே இப்படி முப்பது ஜோடிக்கு மேல் இல்லையென்றாலும், கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கின்றன. பொட்டாசியத்துக்கென்றே கேடிபி என்று ஒரு ஜோடி உண்டு; அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஒரே ஓம்ப்-ஆர் ஒரு மரபணுவைத் திறந்து இன்னொன்றை மூடுவது எப்படி? பாடப்புத்தக விளக்கம் இது. ஓம்ப்-எஃப் மரபணுவுக்கு முன்னால் ஓம்ப்-ஆர் உட்கார நான்கு இருக்கைகள் உண்டு. தொடக்கத்தை ஒட்டிய மூன்றும் நல்ல இருக்கைகள். பாஸ்பேட் ஏறிய ஓம்ப்-ஆர் கொஞ்சமே இருந்தாலும் அங்கே போய் உட்காரும், மரபணு திறக்கும். நான்காவது தள்ளி இருக்கிறது, அவ்வளவு வசதியில்லாதது. கூட்டம் சேர்ந்தால்தான் அது நிரம்பும். அது நிரம்பினால் இடையில் உள்ள டி.என்.ஏ. வளைந்து ஒரு கண்ணியாகிவிடும், நகலெடுப்பு நின்றுவிடும். ஓம்ப்-சி மரபணுவின் இருக்கைகளும் கூட்டம் சேர்ந்தால்தான் முழுதாக நிரம்புபவை. ஆனால் அங்கே நிரம்பினால் திறக்கும். ஆக, கூட்டம் குறைவென்றால் ஓம்ப்-எஃப், கூட்டம் அதிகமென்றால் ஓம்ப்-சி. டவுன் பஸ்ஸில் முதலில் ஜன்னலோர சீட்டு நிரம்பி, கடைசியில் படிக்கட்டும் நிரம்புகிற கதைதான். இருக்கைக் கணக்கு இவ்வளவு எளிமையானதா என்று ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. முதன்முறை படிப்பவருக்கு இது போதும்.

ஓம்ப்-எஃப்பை அடக்க இன்னொரு கையும் இருக்கிறது. ஓம்ப்-சி மரபணுவுக்குப் பக்கத்திலேயே, எதிர்த்திசையில், மிக்-எஃப் என்ற சின்ன மரபணு ஒன்று ஒளிந்திருக்கிறது. அதிலிருந்து வருவது 93 எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ. அவ்வளவுதான், புரதம் கிடையாது. இது ஓம்ப்-எஃப்பின் ஆர்.என்.ஏ. நகலோடு போய்ப் பிணைந்துகொள்கிறது. எங்கே பிணைகிறது தெரியுமா? ரைபோசோம் வந்து உட்கார வேண்டிய அதே இடத்தில். நகல் இருக்கும், படிக்க முடியாது. இதை 1984இல் மசயோரி இனோயேயின் குழு விவரித்தது. புரதமாக மாறாத ஒரு ஆர்.என்.ஏ., இன்னொரு ஆர்.என்.ஏ.வை அடக்கலாம் என்பது அன்றைக்குப் புதுச் செய்தி. இன்று சிறு ஆர்.என்.ஏ. என்பது தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. வெப்பம் ஏறினாலும் மிக்-எஃப் கூடுகிறது. குடலின் முகவரியில் உப்பு ஒரு வரி என்றால், கதகதப்பு இன்னொரு வரி.

அப்புறம் அந்தப் பழைய கேள்வி: என்வ்-இசட்டுக்கு எப்படித் தெரிகிறது? அதன் ஒரு பகுதி உட்சவ்வுக்கு வெளியே, இரண்டு சவ்வுகளுக்கும் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கிறது. பார்த்தால் மோப்பம் பிடிக்கும் மூக்கு மாதிரியே இருக்கும். எல்லோரும் அதுதான் உப்பை உணர்கிறது என்று நினைத்தார்கள். ஆனால் மூக்கை வெட்டிவிட்டாலும் உணர்கிறது. 2012இல் சிங்கப்பூரில் லிண்டா கென்னி, கணேஷ் ஆனந்த் ஆகியோரின் குழுக்கள், செல்லுக்குள்ளே இருக்கும் துண்டே போதும் என்று காட்டின. அந்த 243ஆம் ஹிஸ்டிடினைச் சுற்றியுள்ள சுருள் சாதாரண நிலையில் அவிழ்வதும் சுருள்வதுமாக உதறிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் கரைபொருள் ஏறினால் சுருள் இறுகுகிறது. இறுகினால் பாஸ்பேட் ஏறுவது எளிதாகிறது. மூக்கு, நாக்கு எதுவும் தேவைப்படவில்லை. வெளியே உப்பு ஏறியதால் உள்ளே மாறிய நிலையைப் புரதத்தின் உடம்பே உணர்ந்துகொள்கிறது.

சுடச்சுடக் குப்பையில்

மூன்றாவது கை வைக்கும் இடம் பாக்கி இருக்கிறது: கட்டிய புரதத்தை உடைப்பது.

ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் தனியாக எந்த மரபணுவின் வாசலையும் அடையாளம் காணாது. சிக்மா என்ற துணைப்புரதம் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும். வழக்கமான வேலைகளுக்கு ஒரு சிக்மா இருக்கிறது. பட்டினி, உப்பு, அமிலம் என்று கஷ்டகாலம் வந்தால் ஆர்.பி.ஓ.எஸ். என்ற இன்னொரு சிக்மா தேவைப்படும். நிம்மதியாக வளர்ந்துகொண்டிருக்கும் ஈ. கோலை இந்தக் கஷ்டகாலச் சிக்மாவைத் தயாரிக்கவும் செய்யும். தயாரித்த சில நிமிடங்களில் அரைத்துப் போடவும் செய்யும். க்ளிப் என்ற புரத அரவை இயந்திரம் அந்த வேலையைச் செய்கிறது. தோசையைச் சுட்டு, சுடச்சுடக் குப்பைத்தொட்டியில் போடுவது போன்ற காரியம். பார்க்க ஊதாரித்தனம்தான். ஆனால் வாசலில் விருந்தாளி வந்து நின்றால், கல்லில் ஏற்கெனவே தோசை இருக்கிறது. உப்பு ஏறியதும் அரவை நிற்கிறது, சிக்மா சட்டென்று குவிகிறது. புதிதாக அடுப்பைப் பற்றவைக்கிற நேரம் மிச்சம்.

ஆர்.பி.ஓ.எஸ். திறந்துவிடுகிற மரபணுக்கள் ஏராளம். ட்ரெஹலோஸைச் செய்கிற இரண்டு நொதிகளின் மரபணுக்களும் அதில் அடக்கம். உப்புக்காகத் திறந்த இந்தக் கூட்டம் சூட்டையும் தாங்க உதவும் என்பதால், உப்பில் கொஞ்சம் பழகிய பாக்டீரியா சூட்டுக்கும் அவ்வளவு சீக்கிரம் மசியாது. உணவைப் பதப்படுத்துகிறவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மழை பெய்தால்?

இதுவரை உப்பு ஏறுவதையே பேசினோம். திடீரென்று இறங்கினால் நிலைமை இன்னும் மோசம். உள்ளே அவ்வளவு சரக்கைக் குவித்துவைத்த செல், சட்டென்று வெறும் தண்ணீரில் விழுந்தால் தண்ணீர் பாய்ந்து உள்ளே வரும், வெடித்துவிடும்.

முதுகலை படிக்கும்போது ஒருமுறை, பாக்டீரியாவை எண்ணுவதற்காக நீர்க்கச் செய்துகொண்டிருந்தேன். 0.9 விழுக்காடு உப்புக் கரைசலில் செய்ய வேண்டியதை, அவசரத்தில் காய்ச்சி வடித்த தண்ணீரில் செய்துவிட்டேன். ஆய்வகப் பொறுப்பாளர் குடுவையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, மேலே ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துவிட்டு, "சலைன் எங்கடா?" என்றார். எல்லாம் வெடித்துச் செத்திருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் தட்டில் காலனிகள் தாராளமாக வந்திருந்தன. திட்டு வாங்கியது வாங்கியதுதான், ஆனால் அவை ஏன் சாகவில்லை என்பது அப்புறம்தான் புரிந்தது.

சவ்வில் அழுத்த வால்வுகள் இருக்கின்றன. குக்கரில் இருப்பது மாதிரியேதான். சவ்வு இழுபட்டால் திறக்கும் வாயில்கள் அவை. அவற்றில் பெரியது எம்எஸ்சி-எல். முழுதாகத் திறந்தால் துளை ஏறத்தாழ 3 நானோமீட்டர்; பொட்டாசியம், புரோலின், பீட்டெயின் எல்லாம் மில்லிநொடிகளில் வெளியே கொட்டும். அதன் மரபணுவை 1994இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் சிங் குங்கின் ஆய்வகம் பிரித்தெடுத்தது. இந்தப் பெரிய வால்வையும் அதற்கு அடுத்த சின்ன வால்வையும் சேர்த்து நீக்கிவிட்டால், உப்பிலிருந்து தண்ணீருக்கு மாற்றிய செல்கள் வெடித்துச் சாகின்றன.

இந்த வால்வுகள் எப்போது அதிகம் தயாரிக்கப்படுகின்றன என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்: உப்பு ஏறும்போது. ஆர்.பி.ஓ.எஸ். திறக்கும் மரபணுக்களில் இவையும் சேர்த்தி. கொளுத்தும் கோடையில் கூரையைச் சரிசெய்கிறவரின் புத்தி அது. உள்ளே சரக்கு குவியக் குவிய, வெடிக்கும் அபாயமும் கூடத்தான் செய்யும். அதற்கான வால்வு அப்போதே கட்டப்படுகிறது.

ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டியைப் போடாதே என்று அம்மாக்கள் கத்துவதையும் இங்கே பொருத்திப் பார்க்கலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்த இடத்தில் உப்பு நீர்த்துப்போகிறது. அந்தச் சொட்டுக்குள் உப்பைத் தாங்க முடியாத கிருமிக்கும் ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. உப்பை நன்றாகத் தாங்கும் கிருமிகளும் உண்டு. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அதில் பேர்போனது. அதைப் பிரித்தெடுக்க ஆய்வகங்களில் 7.5 விழுக்காடு உப்புள்ள தட்டையே பயன்படுத்துகிறார்கள். கடல்நீரில் இருப்பதே 3.5 விழுக்காடுதான். மற்றவற்றில் பெரும்பாலானவை அந்தத் தட்டில் அடங்கிக் கிடக்கும், இது வளரும்.

மூளை வேண்டாம், ஒயரை மாற்றினால் போதும்

என்வ்-இசட் உணர்கிறது, ஓம்ப்-ஆர் செய்கிறது, ஓம்ப்-சி மரபணு திறக்கிறது. இந்தச் சங்கிலி இவ்வளவு தெளிவாகத் தெரிந்துவிட்டதால், அதன் முனையைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் என்ன என்று சிலருக்குத் தோன்றியது.

2005இல் அமெரிக்காவில் ஒரு குழு அதைச் செய்துகாட்டியது. என்வ்-இசட்டின் உள்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் முன்னால் சினெகோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாக்டீரியாவின் ஒளியுணர் புரதத்தை ஒட்டவைத்தார்கள். அந்தப் புரதம் வேலை செய்ய ஒரு நிறமி வேண்டும், ஈ. கோலைக்கு அதைச் செய்யத் தெரியாது. அதற்கான இரண்டு மரபணுக்களையும் சேர்த்தே கொடுத்தார்கள். இப்போது என்வ்-இசட் உப்பைப் பார்க்காது, சிவப்பு ஒளியைப் பார்க்கும். ஒளி பட்டால் பாஸ்பேட் கைமாறுவது நிற்கும், இருட்டில் நடக்கும். ஓம்ப்-சி மரபணுவின் தொடக்கப் பகுதியில் லாக் மரபணுவைக் கட்டிவிட்டார்கள். லாக் வேலை செய்தால் தட்டில் கறுப்பு நிறம் உண்டாகும்படி ஒரு வேதிப்பொருளையும் கலந்தார்கள்.

அப்புறம் தட்டு நிறையப் பாக்டீரியாவைப் பரப்பி, ஒரு படத்தின் நிழலை அதன் மேல் பல மணி நேரம் விழவைத்தார்கள். ஒளி பட்ட இடம் வெளிறி, நிழல் பட்ட இடம் கறுத்து, தட்டில் படம் பதிந்தது. 'ஹலோ வேர்ல்ட்' என்ற எழுத்துகளும் அப்படிப் பதிந்தவற்றில் ஒன்று. குடலுக்கும் குட்டைக்கும் வித்தியாசம் பார்த்துக்கொண்டிருந்த புரதத்தின் அதே வால்தான் அந்த எழுத்துகளை எழுதியது. ஓம்ப்-ஆரைப் பொறுத்தவரை அன்றைக்கும் வழக்கமான வேலைதான், எங்கிருந்தோ பாஸ்பேட் வந்தது, போய் உட்கார்ந்தது.